அண்ணே, எந்திரி

செந்தில்வேல் உச்சிப்பொழுது ஜீப்பில் கிளாவரையில் இறங்கினான். மேடை தயாராக இருந்தது. குளிருக்குப் பயந்து இங்கே நாடகம் பகலில்தான். மூடுபனி அதற்கும் முந்திக்கொண்டு வந்திருந்தது. பூண்டு வாசமும் அரிதார எண்ணெய் வாசமும் கலந்து அடித்தன.

நாடகம் இரண்டு அரசர்களின் கதை. தம்பி அண்ணனை வெட்டிச் சாய்ப்பான். சாய்ந்தவன் தானாக எழக்கூடாது. வெட்டியவனே கையைப் பிடித்து, "அண்ணே, எந்திரி" என்று கூப்பிட்டு எழுப்பவேண்டும். அதுவரை அவன் செத்தவன்தான். ஊர் வழக்கம் அது.

போன வருடம் அண்ணனாக நின்றது செந்தில்வேலின் கூடப்பிறந்த அண்ணன் ஜெயமுருகன். தம்பியாக நின்றது செந்தில்வேல். ஊற்றுத் தண்ணீர்த் தகராறில் இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. செந்தில்வேல் தைல மரத்தில் செதுக்கிய வாளை நிஜமாகவே ஓங்கினான். அண்ணன் விழுந்தான். தம்பி கூப்பிடவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜெயமுருகன் கண் திறந்தபடி கிடந்தான். கூப்பிடக் காத்திருக்கிறான் என்று ஊர் நினைத்தது. சிவப்பு அரிதாரத்தில் ரத்தம் தெரியவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது உடம்பு விறைத்திருந்தது. விபத்து என்றார்கள்.

திரைக்குப் பின்னால் அண்ணி தமயந்தி வந்தாள்.

"இன்னைக்காச்சும் வாயத் தொறந்து கூப்பிடுங்க, கொழுந்தனாரே," என்றாள் மெதுவாக. "அவரு வீட்டுல அப்படியேதான் கெடக்காரு."

செந்தில்வேல் தலையாட்டினான். அண்ணன் அவன் வீட்டிலும் கிடந்தான்.

இந்த வருடம் அண்ணன் வேஷம் ஒட்டன்சத்திரத்து லாரி டிரைவர் நல்லசாமிக்கு. முகமெல்லாம் சிவப்பு.

"பாத்து அடிங்கண்ணே. நாளைக்கு வெள்ளனே கோஸ் லோடு ஏத்தணும். மண்டை இல்லாம வண்டி ஓட்ட முடியாது."

சிரித்துக்கொண்டே மேடையேறினான். பனியும் ஏறியது.

மூன்றாவது வீச்சில் அவன் விழவேண்டும்.

விழவில்லை.

நான்காவது. ஐந்தாவது.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏலே. போன வருசம் மாதிரி அடி."

நல்லசாமி அவனை ஏலே என்று கூப்பிடமாட்டான்.

செந்தில்வேல் இரண்டு கையாலும் ஓங்கினான். மறுபடி. மறுபடி. வாள் முறிந்தது. முறிந்த முனையால் குத்தினான். உதட்டில் சூடாகத் தெறித்தது. உப்புக் கரித்தது. கூட்டம் விசிலடித்தது.

விழுந்தான்.

செந்தில்வேல் மண்டியிட்டுக் கையை நீட்டினான்.

"அண்ணே, எந்திரி. எந்திரிண்ணே."

பனி விலகியது. கிடந்தது நல்லசாமி. மண்டை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன.

நீட்டிய கையை ஒரு கை பிடித்தது. ஈரமாக. சில்லென்று.

பிடித்துக்கொண்டு எழுந்தது.

சாயங்காலம் ஏட்டு சேனாதிபதி விலங்கோடு வந்தார். செந்தில்வேலின் வலக்கை விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. இடுக்கில் சிவப்பு அரிதாரம் கசிந்தது.

"கைய விரிய்யா. எதைப் புடிச்சிக்கிட்டு இருக்க?"

"நான் புடிக்கலங்க சார்," என்றான்.