கண்ணாடிக்கு ஆட்சேபணை இல்லை

முதல் கோப்பையை மயிலாத்தாள் கையில் எடுப்பதற்குள், குழந்தைவேலுவின் நாளைக் காலை எட்டு மணி முகம் கண்ணாடியில் வந்து கொட்டாவி விட்டது.

"ஒண்ணுதானுங்க்கா? ஊத்துங், ஊத்துங். தாங்குவேன்" என்றது.

வால்பாறை மேகமூட்டம் அருந்தகத்தில் அந்தக் கண்ணாடிக்கும் அதில் வரும் முகத்துக்கும் நாளைமுகம் என்றே பெயர். அதன்மேல் ஒரு ஊது ஊதினால் போதும். உங்கள் மூச்சு, நாடி, ஈரல், ஏறப்போகும் வண்டி, போகப்போகும் பாதை, அந்தப் பாதையில் இறங்கப்போகும் பனி, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிடும். கேட்ட கோப்பை உள்ளே போனால் நாளைக்கு எப்படி இருப்பீர்களோ, அந்த முகத்தையே வரவழைத்துப் பேசவிடும். சட்டையில் எந்தச் சட்னி சிந்தியிருக்கும் என்பது வரை துல்லியம். புதினாச் சட்னிக் கறையைப் பார்த்துப் பயந்த ஒரு தேயிலை மேலாளர் மறுநாள் பட்டினியே கிடந்தார். பக்கத்து மேசைக்காரர் தும்மியதில் அதே புதினா அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது!

சட்டம் எளியது. நாளைமுகம் வேண்டாமென்றால் ஊற்றக் கூடாது. ஆட்சேபணை சொல்லாவிட்டால் ஊற்றியே ஆக வேண்டும். ஊற்றுநர் சொந்த மூளையை உபயோகித்தால், நெஞ்சில் ஒளிரும் உரிம வில்லையை அதிகாரி அணைத்துவிடுவார். அப்புறம் மாநிலத்தில் எந்த அருந்தகத்திலும் அவர் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. மயிலாத்தாளின் வில்லைக்கு இன்றோடு தவணை முடிகிறது. பதினோரு வருடத் தொழில். அதைப் புதுப்பிப்பதா அணைப்பதா என்று பார்க்கத்தான் சென்னையிலிருந்து உரிம அதிகாரி திருவேங்கடநாதன் வந்து, மூலை மேசையில் கணிப்பலகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வெறும் முகம் பார்த்தே நாற்பது வாடிக்கையாளரை எடைபோடும் மயிலாத்தாளுக்கு அவர் முகம் மட்டும் பிடிபடவில்லை.

"இந்தக் கண்ணாடிக்கு விதி எழுதினதே நான்தாம்மா. போன வருஷத்தைவிட ஆட்சேபணையில்லாக் கோப்பை மூணு மடங்கு ஏறியிருக்கு தெரியுமா? ஜனங்க பொறுப்பாயிட்டாங்க!" என்றார் அவர்.

"விபத்துங்க எறங்கிருச்சுங்களா சார்?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

குழந்தைவேலுவின் இரண்டாவது கோப்பைக்கு நாளைமுகம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தது. "ம்… சரி, ஊத்தித் தொலைங்" என்று முனகியது. பகல் மூன்று மணிக்கே பனி ஜன்னலை மூடிவிட்டது. அதிகாரியைப் பொள்ளாச்சிக்கு இறக்கிவிட வேண்டிய பறவண்டிக்காரனே அவன்தான். மூடுபனியில் தானியங்கி பறக்கத் தடை. ஆள்தான் ஓட்ட வேண்டும்.

"அக்கா, இன்னொண்ணே ஒண்ணுங்க்கா" என்று அவன் மூன்றாவது முறை ஊதினான்.

கண்ணாடி வெள்ளையாகவே இருந்தது.

மயிலாத்தாள் முந்தானையால் துடைத்தாள். மறுபடி ஊதச் சொன்னாள். முகம் வரவில்லை.

"ஏம்மா யோசிக்கிறே? முகம் வரலைன்னா ஆட்சேபணை இல்லை. விதி பதினாலு. ஊத்து" என்றார் திருவேங்கடநாதன்.

"ஏனுங் சார், மூஞ்சியே வராம எப்படிச் சம்மதம்?"

"நானே ஊதிக் காட்டறேன் பாரு." அவர் வந்து பெருமையாக ஊதினார். கண்ணாடி பால்போல் வெளுத்துக் கிடந்தது. "பாத்தியா? எனக்கும் ஆட்சேபணை இல்லை!"

மயிலாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேர். ஒரே வண்டி. ஒரே பனி. இரண்டு வெறும் கண்ணாடி.

கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நொடி குழந்தைவேலுவின் இடுப்பிலிருந்த வண்டிச் சாவியை உருவி, மாங்காய் ஊறுகாய் ஜாடியின் அடி ஆழத்துக்குத் தள்ளினாள். முழங்கை வரை எண்ணெய்!

"அக்கா! என்ன வேலைங்க்கா இது!"

"மறுப்பு! உரிமம் போச்சும்மா உனக்கு!" என்று திருவேங்கடநாதன் பலகையில் விரலை ஓங்கினார்.

குழந்தைவேலு கத்திய மூச்சு பட்டுக் கண்ணாடி சிலிர்த்தது. தலையில் துண்டோடு, சிவந்த கண்ணோடு குழந்தைவேலுவின் நாளைமுகம் வந்து நின்று சாவியை மோந்து பார்த்தது. "எத்தனை தடவ கழுவியும் மாங்கா வாசம் போவலீங்க்கா! உங்களுக்கு நல்லாருக்குதா?"

மயிலாத்தாள் துள்ளிக் குதித்தாள். "திட்டு கண்ணு, நல்லாத் திட்டு! சார், நீங்களும் ஊதுங், சீக்கிரம்!"

அவர் ஊதினார். உதடு நடுங்கியதில் பாதிக் காற்றுதான் கண்ணாடிக்குப் போனது. அதற்கே முகம் வந்தது. விடுதி அறை, மழை, கணுக்காலில் மூன்று அட்டை, எரிச்சலின் உச்சம். "இவளால ராத்திரி பூரா இந்த மலையில மாட்டிக்கிட்டேன்! இவ உரிமத்த ரத்து பண்ணுய்யா!"

"பண்ணட்டுங்க. பண்றதுக்கு நாளைக்கு ஆள் இருக்குதுங்களே, எனக்கு அது போதும்" என்றாள் மயிலாத்தாள். சொல்லும்போதே நெஞ்சின் வில்லையைக் கை தானாக மூடிக்கொண்டது.

திருவேங்கடநாதன் தன் நாளையை வெகுநேரம் பார்த்தார். அது கத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவள் கையை மெல்ல விலக்கி, வில்லையின்மேல் தன் கட்டைவிரலை அழுத்தினார். அது இன்னும் ஐந்து வருடத்துக்குப் பச்சையாக எரிந்தது.

"ஹையோ, சார்!" மயிலாத்தாள் ஓடிப்போய்ப் பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். மோருக்கு யார் சம்மதமும் வேண்டாம்.

அவர் அதைத் தொடவில்லை.

"ஏம்மா… வெறும் கண்ணாடி இங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"இல்லீங் சார். இன்னிக்குத்தான் மொதத் தடவ."

அவர் கணிப்பலகையில் ஆட்சேபணையில்லாக் கோப்பைகளின் பட்டியலைத் திறந்தார். முகம் வந்து சரி சொன்னதும், முகமே வராததும் அதில் ஒரே கணக்கு. மாவட்டம் மாவட்டமாக அது கீழே ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நெடுஞ்சாலை ஓரத்து அருந்தகம் ஒன்றின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. போன மாதம் மேடையேற்றி, சால்வை போர்த்தி, மாநிலத்திலேயே பொறுப்பான கடை என்று அவரே கேடயம் கொடுத்த இடம்.

அந்தக் கடையின் தொலைபேசி எண்ணைத்தான் அவர் முதலில் தேடினார்.