நிறுத்தமில்லாத இடத்தில் ஒரு மணி

பிரேக் போட்ட வேகத்தில் அவள் வந்து விழுந்தது கண்டக்டர் சுகுணனின் டிக்கெட் பை மேல்தான்.

தொடுபுழாவிலிருந்து பாலா போகிற எட்டுப் பத்து வண்டி. வெளியே மழை... சன்னலெல்லாம் தார்ப்பாய் இறக்கியிருந்தது. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் விழத்தானே வேண்டும்?

“அதுக்குள்ள அப்படி யாருங்க இருக்கா?” என்றான்.

“யாரா இருந்தா உங்களுக்கென்ன? டிக்கெட்டைக் கிழிங்க.”

முறைத்தாள். அந்தக் கண்ணில் கோபம் முன்னால் நின்றது... பின்னால் ஏதோ ஒன்று ஒளிந்து நின்றது. அவளுக்கு டிக்கெட் கிழிக்கவே மறந்துபோனான் சுகுணன்.

பெயர் பிரசீதா. பாலாவில் துணிக்கடை வேலை. ஒரு மாதம் சண்டையிலேயே போயிற்று. அவள் ஏறாத நாளில் அவனுக்கு ஊர்ப் பெயர்கள் மாறி மாறி வந்தன. டிரைவர் அவுசேப்பு சிரித்தார். “டேய், போய்ப் பெண் கேளுடா. இல்லேன்னா பஸ்ஸு வழி தப்பிடும்.”

அக்காளோடு பெண் பார்க்கப் போனான். டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, “எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்றாள். டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவன் எழுந்து வந்துவிட்டான்.

கண்டக்டர் என்றால் அவ்வளவு இளப்பமா... இல்லை, அந்தப் போனில் எவனோ இருக்கிறான். இருக்கட்டும். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட் கொடுத்தான்.

அவளுக்கோ அவன் “பாலா, பாலா” என்று கூவுகிற குரல் கேட்காவிட்டால் அன்றைக்குப் பொழுதே விடியாது. அதற்காகவே காலியாக வருகிற முந்தின வண்டியை விட்டுவிட்டு மழையில் நிற்பாள். யாரிடம் சொல்வது?

மறுபடி ஒரு பிரேக். இந்த முறை போன் விழுந்தது. குனிந்து எடுத்தவன் திரையில் அவள் தட்டியிருந்த கேள்வியைப் பார்த்துவிட்டான்.

கழுத்தில் கட்டி. எத்தனை மாதம் உயிரோடு இருக்கலாம்?

“இதுதானா... அவன்?”

அவள் சால்வையைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டாள். “நாளைக்குச் சாகப்போறவ உங்க கையால தாலி வாங்கி என்ன பண்ண?”

“சாவேன்னு எந்த டாக்டர் சொன்னாரு?”

“நம்ம வழியில இருக்கே, அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி குத்திப் பார்க்கணும்னு சொன்னாங்க. நான் போகலை. குத்தினா உடம்பெல்லாம் பரவிடுமாம்... இதுல போட்டிருக்கு.”

“எத்தனை நாளாச்சு?”

“மூணு மாசம்.”

டாக்டர்களும் கடவுளில்லை. அவசரத்தில் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் கையாவது கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறது... போன் எந்தக் கழுத்தைத் தொட்டது?

சுகுணன் கயிற்றை ஒருமுறை இழுத்தான். டிங்! வண்டி நின்றது, ஆஸ்பத்திரி வாசலில். அந்த வண்டிக்கு அங்கே நிறுத்தமே கிடையாது.

“டேய், பின்னாடி வண்டி முந்திடும்டா!” அவுசேப்பு கத்தினார்.

“முந்தட்டும் சேட்டா.” பிறகு அவளிடம் சொன்னான். “இறங்கு. கேக்க வேண்டியதை அந்தம்மாகிட்டயே கேளு. மூணு மணி டிரிப்புக்கு இங்கேயே நிறுத்துறேன்.”

அந்த ஆறு மணி நேரம்... எத்தனை மேடு, எத்தனை வளைவு! ஒவ்வொன்றிலும் அந்தக் கண்கள்.

மூன்று மணி. மழைக்குள் குடையோடு நின்றாள். கழுத்தில் சின்னப் பிளாஸ்திரி.

ஒற்றை மணி. ஏறினாள்.

“பரவுமான்னு கேட்டேன். அந்தம்மா பெத்த மகளைப் போல என் கையைப் பிடிச்சு, ‘பரவாது மோளே, இத்தனை நாள் இதுக்காகவா பயந்தே’ன்னாங்க. ரிசல்ட்டு அடுத்த வியாழக்கிழமை.”

“அதுவரைக்கும் போனைத் தொடாதே.”

“பயம் வந்தா?”

“தொடு... என் நம்பரை மட்டும் அழுத்து.”

சிரித்தாள். சட்டென்று கண் நிறைந்தது. “ஒருவேளை... அதுவாவே இருந்தா?”

“அப்ப வியாழக்கிழமை ரெண்டு பேரா உள்ளே போவோம். இல்லேன்னாலும் ரெண்டு பேராத்தான்.”

பிரசீதா கம்பியைப் பிடித்தாள், இரண்டு கையாலும். போன் பைக்குள் போயிருந்தது.

“அன்னிக்கு நான் வெச்ச டீயை நீங்க குடிக்கவே இல்லை சுகுணேட்டா.” குரல் மழையை விட மெல்லியதாக இருந்தது. “ஞாயித்துக்கிழமை வாங்க... புதுசாப் போட்டுத் தர்றேன். அன்னிக்கே பிடிச்சிருந்துச்சு எனக்கு.”

“வண்டி கிளம்புமா, இல்லை நான் இறங்கி டீ குடிச்சிட்டு வரவா?” என்றார் அவுசேப்பு.

சுகுணன் கயிற்றை இரண்டுமுறை இழுத்தான்.