தோலுக்கு அடியில்

வால்வை இறக்கி அனுப்பி வெகுநேரம் ஆகியும் எக்ஸ்ரே ஸ்கேன் மெஷினுக்குள் இருந்த சுழல்தட்டு நிற்கவில்லை. ஈயக் கதவுக்குப் பின்னால், எதையோ சுமப்பதுபோல முனகிக்கொண்டே சுற்றியது. கமலவல்லி ஸ்விட்சை அணைத்துப் பார்த்தாள், மறுபடியும் அணைத்தாள். துவாக்குடியில் இருந்த அந்த லேபுக்கு ஜன்னல் கிடையாது. பகலென்றாலும் டியூப்லைட் வெளிச்சம்தான். ஏ.சி. குளிரின் நடுவே சூடேறிய இரும்பின் வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அது இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றின் புது மாடல் நீராவி வால்வு. உள்ளே பொந்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். உள்ளும் புறமும் ஊடுருவி எடுத்த ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் பல விதமாகக் காட்டலாம். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு படம் வைப்பதுதான் அங்கே வழக்கம். அது கல்யாண ஆல்பம் மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார் மேனேஜர் குத்புதீன். அதனால் காலையில் அவள் மேல்தோலை மட்டும் காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தாள். ஓரிடத்தில் சொரசொரப்பாகத் தெரிந்தது. எது இரும்பு, எது காற்று என்று பிரிக்கும் அளவை ஓர் இழை நகர்த்தினாள். வழவழவென்று ஆகிவிட்டது. சரி என்று எழுதி அனுப்பினாள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் அன்றே அதைப் பொருத்தப் போகிறவன் தன் தம்பி அழகிரி என்பதில் அவளுக்குப் பெருமை வேறு.

இப்போது அந்த முனகலைக் கேட்கக் கேட்க, காலையில் மறைத்த சொரசொரப்பு நினைவுக்கு வந்தது. அதே ஸ்கேனைத் திறந்து, இரும்பை நீர்மோர்போல நீர்த்துப்போக வைத்து, காற்று நிற்கும் பொந்துகளை மட்டும் சிவப்பாகக் காட்டும் முறைக்கு மாற்றினாள். சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கமாகத் திரண்டிருந்தன. படத்தைத் திருப்பினாள்.

உள்ளங்கை. ஐந்து விரல்கள். மோதிர விரலில் மட்டும் ஒரு கணு இல்லை.

அழகிரிக்கு அந்தக் கணு லேத் மெஷினில் வெட்டுப்பட்டுப் போனது.

கத்திரிக்காய் நறுக்குவதுபோலக் குறுக்கே அரிந்து காட்டும் முறைக்கு மாற்றினாள். அங்கேயும் இருந்தது. பொந்துகளைச் சிவப்பாகக் காட்டும் முறைக்கே திரும்பினாள். கை முன்பைவிட வெளிச்சுவரை நெருங்கியிருந்தது. பதிவான ஸ்கேன் எப்படி மாறும்?

தம்பிக்குப் போன் போட்டாள். ஆலையின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"நீ ஓகே பண்ணதுதானேக்கா? ஸ்டீம் விட்டாச்சு."

"தள்ளிப் போ அழகிரி. அதுக்குள்ள பொந்து இருக்கு."

"ஆனா சூடே ஏறலக்கா. மேல கைய வச்சுத்தான் பாக்குறேன்." பிறகு மெதுவாகச் சொன்னான். "உள்ளேருந்து யாரோ பிடிக்கிறாங்க."

பிறகு சீறல். நீண்ட, ஒரே சீரான சீறல்.

அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சீறல்தான் பதில் சொன்னது. ஈயக் கதவுக்குப் பின்னால் சுழல்தட்டு நின்றது.

அந்தச் சிவப்பைப் பார்க்கத் தாளாமல் தோல் மட்டும் தெரியும் முறைக்கு மாற்றினாள். வழவழப்பான சாம்பல் இரும்பு. ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை.

ஐந்து இடங்கள் மெல்லப் புடைத்தன. ஒன்று குட்டை.

காலையில் செய்ததுபோலவே அளவை ஓர் இழை நகர்த்தினாள். அமுங்கவில்லை. இன்னும் நகர்த்தினாள்.

விரல்கள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தன.