கூட்டை விட்டு எழாத பறவைகள்

பறவை ஆராய்ச்சிக்காகத் தீவில் தங்கியிருந்த மாணவியின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தபோது பேராசிரியையை முதலில் உறுத்தியது அவள் சொன்ன செய்தி அல்ல. அவள் குரலுக்குப் பின்னால் எதுவுமே கேட்காததுதான். குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அந்தத் தீவிலிருந்து பேசினால், ஆயிரக்கணக்கான கடற்பறவைகளின் கூச்சலை மீறித் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். இவளோ பக்கத்து அறையில் இருப்பவள்போல் மெதுவாகப் பேசினாள்.

"மேடம், குஞ்சுங்க முதுகுல எல்லாம் காயம். ஒவ்வொரு நாளும் பெருசாகிட்டே போகுது. ஆனா ஒண்ணுகூட கூட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. ஏதாவது நோயா இருக்குமா?"

பேராசிரியைக்குப் பதில் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

"இருக்கலாம்மா. ரத்த மாதிரி எடுத்து வை."

"சரி மேடம். முதல்ல எனக்கு ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. இப்ப பயமே வரல." மாணவி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு தொடர்பு அறுந்தது. பிறகு எவ்வளவு அழைத்தும் மறுமுனையில் இரைச்சல் மட்டுமே.

போன பருவத்தில் பேராசிரியை தானே அந்தத் தீவில் தங்கியிருந்தாள். கொண்டுபோன மாவுப் பெட்டியைக் குடிலில் பிரித்தபோது அதன் மூலை கொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே காகிதத்தையும் நூலையும் கிழித்துக் கட்டிய ஒரு சின்னக் கூடு. கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. காலி. சோதிக்காத பெட்டி எதுவும் படகில் ஏறக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான். புறப்படும் அவசரத்தில் மீறியவளும் அவள்தான். பெட்டியை அடுப்பில் போட்டு எரித்தாள். வெளியே சொன்னால் தீவை மூடிவிடுவார்கள். வாழ்நாள் உழைப்பு அத்தோடு சரி. இரண்டொரு சுண்டெலி என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். செய்தால்தான் என்ன, இதுவும் ஒரு ஆராய்ச்சிதானே என்று மனத்தின் ஒரு மூலை கிசுகிசுத்தது. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கிசுகிசுப்புதான்.

அதனால்தான் இந்தப் பருவத்தில் அவள் போகவில்லை. கூடப் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும், அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பிவைத்தாள்.

கடல் அடங்கி, படகு கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"தனியாவா விட்டுட்டீங்க டாக்டரம்மா?" என்றார் படகுக்காரர், சுக்கானைப் பிடித்தபடி. "என் பொண்டாட்டி என்னைக் கடைக்குக்கூட தனியா அனுப்ப மாட்டா. திரும்பி வராம ஓடிடுவேன்னு பயம்."

அவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நீங்களே போயிருக்கலாமே," என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

பாறைக்கரையில் அலை மோதியதால் அவர் படகிலேயே இருந்துகொண்டார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் புல்மேட்டில் ஏறினாள். ஈரப் புல்லின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, திறந்து மறந்துபோன இறைச்சிப் பொட்டலத்தின் வாடை, காற்று திரும்பும்போதெல்லாம் வந்து மூக்கில் ஒட்டியது. தன் காலடியோசை இந்தத் தீவில் கேட்கும் என்பதையே அவள் இன்றுதான் அறிந்தாள்.

கூடுகள் நிறைந்தே இருந்தன. வெள்ளைக் குஞ்சுகள், வாத்தளவு பெரியவை, அவளை அமைதியாகப் பார்த்தன. ஒன்றின் பின்பக்கம் போனாள். முதுகு இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. முஷ்டி அளவு எலிகள். தீவுக்கு வந்து சேரும் சிறிய பிராணி பெரிதாக வளரும் என்று அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அவை அவளைக் கண்டு ஓடவில்லை. தாய்ப்பறவை அருகிலேயே நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. குஞ்சு கண் சிமிட்டியது. உயிரோடு இருந்தது.

எதிரியே இல்லாத இடத்தில் பயமும் ஒரு வேண்டாத உறுப்புதான், இறக்கையைப்போல அதுவும் தேய்ந்து போகும். அதுவும் அவள் வகுப்பில் சொன்னதுதான். மாணவர்கள் ரசித்த வரி.

அவள் குடிலை நோக்கி ஓடினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அரையிருட்டு. கட்டிலில், சுவரில் சாய்ந்து, மாணவி உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை போர்வை. தலை வாரி, முகம் கழுவி, எப்போதும்போல.

"வாங்க மேடம்."

"ஐயோ, நல்லா இருக்கியாம்மா? எழுந்திரு. படகு நிக்குது. கிளம்பலாம்."

"எதுக்கு மேடம்?"

கேலி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பேராசிரியையின் பார்வை போர்வையில் இறங்கியது. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் அது தட்டையாகப் படிந்திருந்தது. அதன் அடியில் எதுவோ நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மிக மெல்லிய ஒரு சத்தம், யாரோ பொறுமையாக நகம் கடிப்பதுபோல.

அலற வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"என் பெட்டியிலதாம்மா வந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்னை அனுப்பினேன்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! இத்தனை காலம் அவள் வாயைக் கட்டியிருந்தது பயம் ஒன்றுதான். அது எங்கே? நெஞ்சுக்குள் துழாவிப் பார்த்தாள். படபடப்பு இல்லை. உள்ளங்கையில் வேர்வை இல்லை. குற்றம் மட்டும் அப்படியே இருந்தது, வற்றிய குளத்தில் கல்போல.

"பரவாயில்ல மேடம்," என்றாள் மாணவி. "உட்காருங்க."

கீழே படகிலிருந்து படகுக்காரர் கூப்பிட்டார். "டாக்டரம்மா! அலை ஏறுது! சீக்கிரம் வாங்க!"

போக வேண்டும். அது தெரிந்தது. அவளுக்குப் போகத் தோன்றவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

போர்வையின் விளிம்பு உயர்ந்தது. ஒன்று வெளியே வந்தது. மீசை ஈரமாக இருந்தது. அவசரமில்லாமல் அவள் மடியில் ஏறி, விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, மணிக்கட்டின் உட்புறத்தில், தோல் மிருதுவான இடத்தில், நின்றது.

"டாக்டரம்மா!"

மாணவி அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். இன்னொன்று ஏறியது. பிறகு இன்னொன்று. பேராசிரியை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடாக எதுவோ விரல் வழியாக இறங்கித் தரையில் சொட்டியது.

அவள் கண் சிமிட்டினாள்.