பெயர் உதிர்ந்தவர்

சித்திரை முதல் நாள் காலையில் சாலிகிராமத்தில் யாரும் பஞ்சாங்கம் கேட்பதில்லை. படத்துறைக்காரர்கள் குளித்துவிட்டு, வேப்பம்பூப் பச்சடியை ஒரு வாய் விழுங்கிவிட்டு, அவரவர் வீட்டுச் சுவர்த்திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சரியாக ஏழு மணிக்கு வரும்படப் பட்டியல் வரும். ஓர் இயக்குநர் அடுத்த இருபது ஆண்டுகளில் என்னென்ன படங்கள் எடுக்கக்கூடுமோ, அத்தனையும் அதில் பத்துப் பத்து நிமிட முன்காட்சிகளாக இருக்கும்.

இயக்குநர் மங்கையர்க்கரசிக்கு அன்று பதினோராவது பட்டியல். வயது ஐம்பத்தாறு, எடுத்த படங்கள் பத்தொன்பது. பட்டியல் வந்த நாளிலிருந்து அவர் படம் எதுவும் தோற்றதில்லை. பட்டியலுக்கு முன்பு தோற்றவை நான்கு. அவற்றைப் பற்றிக் கேட்கும் நிருபர்களிடம், "அதெல்லாம் இருட்டுல நடந்த காலம்பா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். தயக்கம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

பட்டியலைத் தயாரிப்பது முன்னோக்கி என்ற கணிப்பு இயந்திரம். இயக்குநரின் பழைய படங்கள், பேச்சு, பழகும் ஆட்கள், அந்த ஆட்களின் போக்குவரத்து என்று சகலத்தையும் அலசித்தான் அது கணிக்கும். அதன் நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கறாரானது. ஏழு நாளுக்குள் அடுத்த படமாக ஒன்றைத் தேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதே ஆண்டுக்குப் போட்டியிட்டு, அவர் தேர்ந்தெடுக்காமல் ஒதுக்கிய மற்றக் கதையை முன்னோக்கியே முழுப்படமாக முடித்து, கிளைப்படம் என்ற முத்திரையோடு மக்களுக்கு விட்டுவிடும். அந்தக் கதையை அதற்குப் பிறகு இயக்குநர் தன் கையால் தொடவே முடியாது.

இந்த முறை போட்டியில் இருந்தவை இரண்டு. ஒன்று கல்லணை கட்டியவர்களைப் பற்றிய மூன்று பாகப் படம். அதற்கு ஆறு ஆண்டு உழைப்பு தேவைப்படும். மங்கையர்க்கரசியின் வாழ்நாள் சாதனை அதுதான் என்று முன்னோக்கியே குறிப்பு எழுதியிருந்தது. அவர் மனதில் இருபது வருடமாக ஊறிக்கொண்டிருந்த கதையும் அதுவே. மற்றொன்று, மருமகனும் மாமியாரும் ஒரே லாரியில் தூத்துக்குடியிலிருந்து ஓசூர் வரை சண்டை போட்டுக்கொண்டே போகிற கதை, நாற்பதே நாளில் எடுத்து முடிக்கிற படம். எடுத்தால் ஓடும், எடுக்காவிட்டால் யாரும் அழமாட்டார்கள்.

படக்காரர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெயர்களைத்தான் பார்ப்பார்கள். மங்கையர்க்கரசியும் கல்லணையின் டைட்டில் கார்டைத்தான் முதலில் ஓடவிட்டார். ஒளிப்பதிவு என்ற இடத்தில் கண்ணாத்தாள் என்று ஒரு பெயர் வந்தது. யார் இது? சவரிமுத்து எங்கே?

சவரிமுத்து அவருடைய ஒளிப்பதிவாளர். இருபத்தேழு வருடம், பத்தொன்பது படங்களும் அவர் கண் வழியாகத்தான். மங்கையர்க்கரசி "சவரி..." என்று இழுத்தாலே லென்ஸ் மாறிவிடும். அவர் அவசரமாக மற்ற முன்காட்சிகளின் பெயர்களைத் தேடினார். 2073இல் சவரி இல்லை, 2078இல் இல்லை, 2090 வரை எதிலும் இல்லை. மாமியார் படத்தில் மட்டும் 'ஒளிப்பதிவு: சவரிமுத்து' என்று இருந்தது. கையிலிருந்த பச்சடிக் கிண்ணம் நழுவித் தரையில் கொட்டியது. அவர் குனிந்து பார்க்கவும் இல்லை.

இப்படிப் பெயர் காணாமல் போவதற்குத் துறையில் ஓர் அர்த்தம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன் ஒலிப்பதிவாளர் தஸ்தகீரின் பெயர் இப்படித்தான் எல்லோருடைய பட்டியல்களிலிருந்தும் ஒரே நாளில் மறைந்தது. அதிலிருந்து எட்டாம் மாதம் அவர் இறந்துபோனார். அதன்பின் இன்னும் இரண்டு பேருக்கு அதே கதி. அவர்களைப் பெயர் உதிர்ந்தவர்கள் என்பார்கள். ஒருவர் பெயர் உதிர்ந்தால், அதை அவரிடம் யாரும் வாய்திறந்து சொல்லக் கூடாது என்பது துறையின் எழுதாத மரியாதை.

முன்னோக்கி அலுவலகத்தில் தன் பட்டியலைக் கவனிக்கும் தாரிக்கை அழைத்தார்.

"சவரிக்கு என்ன தாரிக்?"

"மேடம், முன்னோக்கி என்ன நடக்கும்னு காட்டும். ஏன்னு சொல்லாது. மத்தவங்க அந்தரங்கம், சட்டத்துல இடமில்லை. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா?"

"எனக்கே தெரியாது மேடம். சத்தியமா."

மங்கையர்க்கரசி ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே மாமியார் படத்தில் கையெழுத்திட்டார். தாரிக் பதறிப்போய், "மேடம், கல்லணை போயிடும். திரும்ப வராது" என்றான். "தெரியும்பா. அணையை இயந்திரம் கட்டிக்கட்டும்" என்றார் அவர். சொல்லும்போது குரல் உடையவில்லை. இன்னும் நாற்பது நாள் சவரியோடு வேலை செய்ய முடியும் என்றால் கல்லணை என்ன, காவிரியையே கொடுக்கலாம் என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றியது. தான் செய்தது சரி என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

இரண்டு வாரம் கழித்து, இடம் பார்ப்பதற்காக இருவரும் கிருஷ்ணகிரிச் சாலைக்குப் போனார்கள். காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி நிறுத்தத்தின் சூரியத்தகட்டுக் கூரைக்குக் கீழே ஒரு டீக்கடை. சவரிமுத்து பெட்டியைத் தூக்கப் போனால் மங்கையர்க்கரசி பிடுங்கிக்கொண்டார். டீயில் சர்க்கரை போடச் சொன்னால், "சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று கடைக்காரரிடம் திருத்தினார். ஏணியில் ஏறப்போனவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார். வெயிலில் நிற்காதே, உட்கார், தண்ணீர் குடி என்று ஓயாத உபசாரம். இருபத்தேழு வருடத்தில் அவர் சவரியைச் சாப்பிட்டாயா என்று கேட்டதே நாலைந்து தடவைதான்.

சவரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், உங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அதானே?"

மங்கையர்க்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மரியாதையை மீறிப் பேச்சை எடுத்தது சவரியே என்பதால் இனி பேசலாம்.

"தெரியும் சவரி."

"கோபம் இல்லையா?"

"உன்மேல எதுக்குய்யா கோபம்? ஆண்டவன்மேலதான் கோபம்."

"ஆண்டவன் என்ன செஞ்சார் பாவம்? நானாத்தான் முடிவு எடுத்தேன். ரெண்டு வருஷமா எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இப்பதான் கொஞ்சம் தைரியம் வந்துருக்கு."

"எதை எழுதினே?"

"கதையை. நான் டைரக்‌ஷன் பண்ணப்போறேன் மேடம். அதைத்தானே சொல்றீங்க?"

மங்கையர்க்கரசி எழுந்து நின்று, நெடுஞ்சாலையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அப்ப நீ சாகலையா?"

"எதுக்கு மேடம் சாகணும்?"

"பாவி! என் பட்டியல்ல உன் பேர் உதிர்ந்துருக்குடா! தொண்ணூறு வரைக்கும் எதுலயும் நீ இல்லை. கல்லணையைத் தூக்கிக் கொடுத்துட்டேன்டா உனக்காக!"

சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. கல்லணை அவருக்கும் கனவுதான். முதல் பாகத்தின் முதல் காட்சிக்கு எந்த நேரத்து வெளிச்சம் வேண்டும் என்பதுவரை இருவரும் பேசி முடித்த படம் அது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல மேடம்?"

"சாகப் போறியான்னு எப்படிய்யா கேக்குறது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மங்கையர்க்கரசிதான். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழவும் செய்தார். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டார். சவரி செத்துப்போவான் என்று நினைத்தபோது அவனை மன்னிக்க வேண்டிய தேவையே வரவில்லை. உயிரோடு இருந்துகொண்டு, நல்ல ஆரோக்கியத்தோடு, தன்னை விட்டுப் போகிறான் என்றதும் நெஞ்சு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நான் போகலை மேடம்," என்றார் சவரிமுத்து மெதுவாக. "உங்களுக்கு இவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணிட்டு நான் எங்க போறது? உங்ககூடவே இருந்துடறேன்."

மங்கையர்க்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஒரு சொல் சொன்னால் போதும், இவன் இருந்துவிடுவான். முன்னோக்கியின் கணக்கையே பொய்யாக்கிவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது.

"உளறாதே," என்றார். "உன் பட்டியலைப் பாத்தியா? டைரக்டரா என்னென்ன எடுக்கப்போறியாம்?"

"கேட்டேன் மேடம். ஒரு படமாவது எடுத்தவனுக்குத்தான் கணிக்க முடியுமாம். 'தரவு போதாது'ன்னு ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான்."

"ஒண்ணுமே காட்டலையா?"

"ஒண்ணுமே இல்லை. பயமா இருக்கு."

"கதையைச் சொல்லு."

"இங்கயா?"

"இங்கதான். சொல்லு."

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். கதை சொல்லத் தெரியாத மனிதர். "ஒரு சின்ன டவுன். அங்க வால்வு திறந்து தெருத்தெருவா தண்ணி விடுற பொண்ணு ஒருத்தி. எந்த வால்வு எந்தத் தெருவுக்குன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகுது, வெளியூர் மாப்பிள்ளை. அவ போயிட்டா தண்ணிக்கு என்ன பண்றதுன்னு ஊரே சேர்ந்து கல்யாணத்தை நிறுத்தப் பாக்குது மேடம்..."

மங்கையர்க்கரசிக்குச் சுருக்கென்றது. சவரிமுத்து தட்டுத்தடுமாறி அரைமணி நேரம் சொன்னார். சில இடம் வளவளவென்று இழுத்தது. சில இடத்தில் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் அந்தப் பெண் வால்வுச் சாவிகளை ஊரின் நடுவில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

"பஸ் கிளம்புது. இடைவேளை."

"அப்புறம்?"

"தெரியலை மேடம். இன்னும் யோசிக்கலை."

மங்கையர்க்கரசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டு வரை தன் படங்கள் ஒவ்வொன்றும் எப்படி முடியும் என்று பார்த்துவிட்டவர் அவர். அடுத்து என்ன என்று தெரியாத ஒரு கதைக்கு முன்னால் உட்கார்ந்து பத்து வருடமாகிறது. கல்லணை போனதைவிட, இவன்மேல் வந்த பொறாமைதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"மாமியாரை நாற்பது நாள்ல முடிக்கிறோம்," என்றார். "நாற்பத்தொண்ணாவது நாள் நீ என் கண்ணுல படக் கூடாது. போய்ப் படம் எடு."

"சரி மேடம்."

"ஆனா அந்தப் பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்குறாளா இல்லையான்னு முடிவு பண்ணினதும் முதல்ல எனக்குச் சொல்லணும். எனக்குத் தூக்கம் வராது."