கையில் கிடைத்த பிள்ளை

"இந்தப் பொட்டிக்கெல்லாம் டிக்கெட் எடுத்தீங்களா?"

மழையில் பாதி நனைந்து, பேசின் பிரிட்ஜில் முண்டியடித்து ஏறிய மகிழினிக்குக் காலையிலிருந்தே யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. மாட்டினவன் அவன். ஜன்னலோரமாக அவன்... பக்கத்து சீட்டு ரெண்டிலும் அட்டைப் பெட்டிகள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் மனுஷங்க தொங்கிக்கொண்டு வர, பெட்டிங்க மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அட... என்ன கண்ணு அது! நிம்மதியாகத் தூங்கி எத்தனை வருஷமாச்சோ என்று கேட்கத் தோன்றுகிற கண்ணு. வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"நனைஞ்சா கெட்டுப்பூடும்ங்க. கீழ தண்ணி ஓடிகினு கீது பாருங்க."

"நான் நனைஞ்சா கெட்டுப்போவ மாட்டேனா?"

"நீங்கதான் ஏற்கனவே நனைஞ்சிட்டீங்களே..."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் முறைத்த முறைப்பில் அவன் சட்டென்று எழுந்து தன் சீட்டைக் கொடுத்தான். பெட்டிகளைக் காலுக்கும் கம்பிக்கும் நடுவில் அடுக்கி, ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு எண்ணூர் வரைக்கும் நின்றே வந்தான். திமிர் பிடிச்சவன்... ஆனா எழுந்து குடுத்துட்டானே, பாவம்... என்று அவள் மனசு ரெண்டு பக்கமும் பேசிக்கொண்டு வந்தது.

எண்ணூரில் இறங்கினால் அவனும் இறங்கினான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அதிலும் அவனே. பள்ளிக்கூட கேட்டில் அவள் இறங்க, பெட்டியோடு அவனும் இறங்க...

"நீங்க எங்க இங்க?"

"நான் இங்க டீச்சர்."

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "டிரஸ்டுலர்ந்து வர்றேங்க. இதெல்லாம் உங்க புள்ளைங்க படிக்கறதுக்கு வந்த டேப்பு... டேப்லெட்டுங்க. என் பேரு வல்லரசு."

"நான் பேரைக் கேட்டா நாட்டைச் சொல்றீங்க?"

"நீங்க எங்க கேட்டீங்க? எங்க நைனா வச்சது. ஊட்ல ரேஷன் அரிசி, பேரு மட்டும் வல்லரசு."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துத் தொலைத்தாள்.

அது சின்னத் தொடக்கப் பள்ளி. அஞ்சாவது வரைக்கும்தான். டேப்பையும் பெரிய திரையையும் டிரஸ்டு சும்மா கொடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் தெருக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தப் பொருள் எதற்கு, யார் பொறுப்பு, பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று முதலில் ஒரு திட்டம் போட வேண்டும். ஹெட்மாஸ்டர் ஜெயக்கொடி டீச்சர் சனிக்கிழமைகளில் கூட்டம் வைத்தார். அம்மாக்கள் ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து வெளுத்து வாங்கினார்கள்.

"டேப்பை வூட்டுக்கு அனுப்பாதீங்க சார். எங்க வூட்டுக்காரரு ரம்மி ஆடிகினு உக்காந்துப்பாரு!"

"சாய்ங்காலத்துல எங்களுக்கும் எழுத்து சொல்லிக் குடுங்க டீச்சர்..."

வல்லரசு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். நடுநடுவே அவன் பார்வை எங்கே போனது என்று ஜெயக்கொடி டீச்சருக்கே தெரிந்தது. மகிழினிக்குத் தெரியாதா? கூட்டம் முடிந்தால் ரெண்டு பேரும் ஒரே ரயில். "இன்னிக்கு பொட்டி இல்லியா?" "பொட்டி இருந்தாத்தான் என்கூட பேசுவீங்களா?" இப்படியே போய்க்கொண்டிருந்தது. எண்ணூர்க் காற்றில் இருமிக்கொண்டே வெட்கப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

சிக்கல் கேட்டில் வந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுற்றி இருக்கிற கம்பெனிகளில் ஏதாவது ஒன்றிலிருந்து கேஸ் நாத்தம் வந்தால், பள்ளிக்கூட ஆயா, மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை விடாமல் அடிக்கும். தெரு மொத்தமும் ஓடி வரும். வருகிறவர்கள் தன் பிள்ளையைத் தேட மாட்டார்கள். கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடுவார்கள். யார் பிள்ளை யாரிடம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

"இது ஆவாதுங்க," என்றான் வல்லரசு. "பதிஞ்ச போனுக்கு ஓடிபி வரும். அந்த நம்பரைக் கேட்டுல சொன்னா மட்டும்தான் புள்ளைய வெளிய உடணும்."

அம்மாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் எண்ணூர் பிளாட்பாரத்தில் மகிழினி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இவ்ளோ பிடிவாதம்?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்முன்னு எனக்கு ஒரு தங்கச்சி. புளியந்தோப்புல ஒண்ணாவது படிச்சிகினு இருந்தா. பக்கத்து வூட்டு அண்ணன்னு சொல்லி ஒருத்தன் வந்து கேட்டானாம். வாச்மேன் அனுப்பிட்டாரு."

"கெடைச்சாளா?"

"இல்ல."

ரயில் வந்தது. ரெண்டு பேரும் ஏறவில்லை.

"ஹவுசிங் போர்டுல வேற வூடு குடுத்தாங்க. எங்கம்மா வரமாட்டேன்னுது. புள்ள திரும்பி வந்தா பழைய வூட்லதான் தேடும்னு..."

அவன் கண்ணில் தூக்கம் ஏன் இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து அவனுக்காகப் பேசினாள்.

ரெண்டாவது படிக்கிற உஸ்மாவின் அம்மா ஆஃபியா கை தூக்கினாள். உஸ்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. "கேஸ் வந்தா இன்னா சார் பண்றது? எங்க வூட்ல ஒரே போனு. அதையும் இவரு வேலைக்கு எடுத்துகினு பூடுவாரு."

"அவசரத்துலதாங்க புள்ள காணாம போவும்," என்றான் வல்லரசு.

ஆஃபியா அவனைப் பார்க்கவில்லை. மகிழினியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சரின்னா எங்களுக்கும் சரி."

"சரி," என்றாள் மகிழினி.

மனசைப் பறிகொடுத்தவள் சொன்ன சரி அது. அதை நம்பி அத்தனை அம்மாக்களும் தலையாட்டினார்கள்... என்னத்தைச் சொல்ல!

தை மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். முதலில் மூக்கில் ஊசி குத்தினாற்போல் இருந்தது. அப்புறம் கண் எரிந்தது. ஆயா தண்டவாளத்தை அடிக்க ஆரம்பித்தது.

பிள்ளைகள் ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். வெளியே தெருவே நின்றது. நடுவில் பூட்டு. பூட்டுக்கு இந்தப் பக்கம், திரையைச் சரிபார்க்க வந்த வல்லரசு கையில் டேப்போடு நின்றான்.

"நம்பர் சொல்லுங்க... ஒவ்வொருத்தரா சொல்லுங்க..."

நாலைந்து பேர் சொன்னார்கள். நாலைந்து பிள்ளைகள் போனார்கள். மற்ற போன்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டிருந்தன. உஸ்மாவின் அப்பா மஜீதின் போன், கன்டெய்னர் யார்டு வாசலில் லாக்கருக்குள் கிடந்தது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதாம். அதற்குத்தான் ஓடிபி போய்க்கொண்டிருந்தது. ஆஃபியா கம்பிக்குள் கையை விட்டு மகளைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. உஸ்மாவின் நெஞ்சு விசில் அடித்தது.

"வல்லரசு, கேட்டைத் திற!"

"இரு மகி... வந்துகினு கீது..."

"வராதுடா!"

"கூட்டத்தப் பாரு. அதுல யாரு யாருன்னு உனக்குத் தெரியுமா? எவன் வேணா தூக்கினு பூடுவான்!" அவன் அங்கே இல்லவே இல்லை. புளியந்தோப்பு கேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"தூக்கினு போவட்டும்! மூச்சு இருந்தா தேடிக்கலாம்!"

மகிழினி ஆயா இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். வழியில் நின்றவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கேட் திறந்தது.

அப்புறம் ஒரே கூச்சல், ஒரே ஓட்டம். ஆஃபியாவைக் கூட்டம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. கையில் கிடைத்த ரெண்டு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு ஓடினாள். ரெண்டும் அவள் பிள்ளை இல்லை.

காத்து மாறிய பிறகு மைதானத்தில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். உஸ்மா இல்லை.

வல்லரசு யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஓடினான். மகிழினி பின்னாலேயே ஓடினாள். தெருத்தெருவாக, மசூதி, சர்ச்சு, டீக்கடை என்று ஒன்று விடவில்லை. "பச்ச யூனிபார்ம், ரெட்ட சடை... பாத்தீங்களா?" ஒவ்வொரு தடவை இல்லை என்று கேட்கும்போதும் அவன் முகம் இன்னும் சின்னப் பையன் முகமாகிக்கொண்டே வந்தது. ஒருவேளை... என்று நினைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். வராண்டாவில், செதில் ஒட்டிய புடவையோடு ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பேர் பூமாரி.

"யாரு புள்ளயோ நைனா, தெரியல. அந்தப் பக்கமா மீனு வித்துகினு போனேன். ஓடு ஓடுன்னாங்க. இது கையில கெடைச்சுது, தூக்கினு ஆட்டோ புடிச்சேன். இங்க வந்தா பேரு கேக்கறான். இன்னான்னு சொல்றது? என் புள்ளதான், எழுதிக்கோன்னுட்டேன்."

வல்லரசு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். பூமாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "அழாத நைனா, உசுரு கீது," என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

உசுர் இருந்தது. ஆனால் உள்ளே நுரையீரல் வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். இனிமேல் மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடுமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

ஆஃபியா வந்தாள். மாஸ்க்குக்குள் இருந்த மகளைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று மகிழினி காத்திருந்தாள். அடித்திருக்கலாம். தேவலாம் போல இருந்திருக்கும்.

"நீங்க சரின்னீங்களே டீச்சர்..."

அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் வெடுக்கென்றுகூடப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மகிழினி எழுந்து, "தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "இனிமே கேட்டுக்குப் பூட்டு வேணாம். கேஸ் வந்தா பழையபடி யாரு வேணா யாரை வேணா தூக்கட்டும். டேப்பு பள்ளிக்கூடத்துல சும்மா இருக்கறதுக்கு, ஓடிப் போற இடத்துல இருக்கட்டும். மசூதியில ஒண்ணு, சர்ச்சுல ஒண்ணு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில ஒண்ணு. புள்ளைய அங்க சேர்த்ததும் ஒரு போட்டோ எடுத்து மத்த டேப்புக்கெல்லாம் அனுப்பட்டும். எங்க கீதுன்னு தெரிஞ்சா போதும்."

அம்மாக்கள் யோசித்தார்கள். தலையாட்டுவதற்கு இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

வல்லரசு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டேப்புகளை அவனே எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்திலும் வைத்து, எப்படி அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். மழை பிடித்துக்கொண்டது. தை மழை... யாருக்கும் பிரயோஜனமில்லாத மழை. மகிழினி தாழ்வாரத்தில் நின்றாள். அவன் நனைந்துகொண்டே வந்து முன்னால் நின்றான்.

"வேற ஏரியா கேட்டு வாங்கிட்டேன். திங்கக்கெழம வேற ஆளு வருவாரு."

"ஓஹோ."

"பூட்டு போட்டது நான்தான்னு டிரஸ்டுல சொல்லிட்டேன். உன் மேல எதுவும் வராது."

"நான் கேட்டேனா?"

அவன் தலை குனிந்தான். "உன் மூஞ்சப் பாக்க முடியல மகி. பாக்கும்போதெல்லாம் அந்தப் புள்ள மூச்சு கேக்குது."

"எனக்கும்தான் கேக்குது." குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "நான் ஏன் சரின்னேன் தெரியுமா? பூட்டு நல்லதுன்னு இல்ல. புள்ளைங்களுக்காகவும் இல்ல. உன்ன புடிச்சிருந்துச்சு. உன் கண்ணப் பாத்து சரின்னுட்டேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு இப்போ தெரியுது. தெரிஞ்சும் இன்னும் புடிச்சிருக்கு. நான் இன்னா பண்றது, சொல்லு?"

அவன் நிமிர்ந்தான். மழையா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்க முடியாத முகம்.

"எனக்கும்... அந்த ரயில்லர்ந்தே..." என்றான். முடிக்க வரவில்லை. "எம்மேல கோவம் இல்லியா?"

"கீது. உம்மேலயும் கீது, எம்மேலயும் கீது. அது போவாது." அவன் ஈரக் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை தள்ளுவதற்கு இல்லை. "நீயும் போவாத."

அவன் விரல்கள் மெதுவாக, பயந்து பயந்து, அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். பாக்கற நேரம் முடியப்போவுது."

"ஆஃபியா அக்கா..."

"இன்னிக்காவது வாயத் தொறந்து திட்டுவாங்க," என்றாள் மகிழினி. "ரெண்டு பேருமா சேர்ந்து வாங்கிக்கலாம், வா."