உடையும் குரல்

குயிலி தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர். சாருகேசி ஏழு வருடக் கணக்கைப் போட்டு வைத்திருந்தாள்.

தடமானிச் சட்டம் வந்த பிறகு அமெரிக்காவில் எந்தப் பாடகரும் இரவல் வாங்கிய குரலை மறைக்க முடியாது. காதில் விழுந்து ஊறிப்போன குரல் தொண்டையில் தடம் விட்டுவிடும். அது யாருடையது, எத்தனை வருடத்தது என்று தடமானிக் கருவி பிரித்துச் சொல்லும். மேடையில் சம்பாதித்ததில் உரியவருக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும்.

நாஷ்வில் தட அலுவலகத்துக்கு வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள் சாருகேசி. பகலெல்லாம் ஒரு கச்சேரி மேடைக்கு ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கிய தோள் கடுத்தது. நாளை அந்த மேடையில் பாடப்போகிறவளே குயிலிதான்.

இருவரும் திருநங்கைகள்; ஒரே பழைய வேனில் மதுக்கடை மதுக்கடையாகப் பாடித் திரிந்தவர்கள். கனத்த குரலைப் பெண்குரலாக்க வேனிலேயே பழகுவார்கள். மூத்தவள் சாருகேசி; சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இன்று குயிலி சுவரொட்டியில் சிரிக்கிறாள். சாருகேசிக்கு வாரக்கடைசி மதுக்கடைதான் மிச்சம்.

"எப்படி இருக்கீங்கக்கா?" என்றபடி உள்ளே வந்தாள் குயிலி.

"உன் பெட்டியத் தூக்கிட்டு இருக்கேன்."

"அந்த நீலப் பெட்டியா? ரொம்பக் கனமாச்சே."

"உன் தலைக்கனத்துக்குக் கம்மிதான்டி. உச்சத்துக்குப் போறப்ப ஒடைஞ்சு எழும்புதே குரல், ஊரே அழுவுதே, அது என்னோடது."

"அளக்கட்டும்க்கா. உங்களோடதுன்னா மொத்தமும் குடுத்துடறேன்."

அந்தப் பெருந்தன்மையைக் கண்டும் சாருகேசிக்கு எரிந்தது.

சட்டப்படி இருவருமே பாட வேண்டும். பாடினார்கள். தடமானி ஆளுக்கொரு வரியாகத் திரையில் காட்டியது.

குயிலியின் குரலில் உடைவு: சொந்தம்.

சாருகேசியின் குரலில் உடைவு: ஏழு வருடத்தது. மூலம், குயிலி. கேட்ட தடவை, பதினோராயிரத்துக்கு மேல். தர வேண்டிய பங்கு, இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

"பொய்! நான்தானே இவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்!"

"நீங்க மறைக்கத்தான்க்கா சொல்லிக்குடுத்தீங்க" என்றாள் குயிலி. "'பழைய குரல் எட்டிப் பாக்குதுடி, மூடு'ன்னு தொடையில கிள்ளுவீங்க. எனக்கு மூட வரல. அப்படியே விட்டுட்டேன்."

குறை கண்டுபிடிக்கத்தான் சாருகேசி குயிலியின் பாட்டுகளைக் கேட்டாள். பெட்டி தூக்கும்போது, பேருந்தில், படுக்கையில், ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தொண்டை அதைக் காதலென்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது.

குயிலி திரையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோராயிரமா? எங்கம்மா ஒரு தடவகூடக் கேட்டதில்லக்கா."

கண்ணைத் துடைத்த விரலாலேயே திரையைத் தொட்டாள்.

"வேணாம்டி! நான் கட்டிடறேன், மாசாமாசம் கட்டிடறேன்..."

அதற்குள் பச்சை எழுத்து வந்துவிட்டது: கடன் தள்ளுபடி.

இதிலும் அவளே முந்திக்கொண்டாள்.